காது மெஷின் போட்ட சின்னப் பிள்ளைக்கு உதவி கேட்கப் பழக்குவது எப்படி?

ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள், காது மெஷினோ, அறுவை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியோ பொருத்திய குழந்தையின் பெற்றோருக்கும், அங்கன்வாடி, எல்.கே.ஜி. ஆசிரியர்களுக்கும் இந்த வழிகாட்டி. தெரபியில் பழம், விலங்கு, நிறம் எல்லாம் ஒப்பிக்கிற குழந்தை, வகுப்பில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் தாகத்தோடு வீட்டுக்கு வருகிறது. சொல் தெரியாதது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. மற்ற பிள்ளைகள் அண்ணன் கெஞ்சுவதையும், பக்கத்து வீட்டுப் பாப்பா அடம்பிடிப்பதையும் தூரத்திலிருந்தே காதில் வாங்கிக்கொண்டு, எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள். மெஷினுக்கு அந்தத் தூரத்துப் பேச்சு தெளிவாக எட்டாது. ஆகவே உதவி கேட்பதை உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

1. முதலில் மெஷின் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

தினமும் காலையில் மூன்று நிமிடம் போதும். குழந்தையின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில், வரிசையை மாற்றி மாற்றி, இடைவெளியையும் மாற்றிச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். உங்கள் வாயைக் கையால் மூடாதீர்கள். ஸ், ஷ் இரண்டும் கையில் பட்டு மங்கிவிடும். சின்னக் குழந்தை கொட்டையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் மெஷினிலிருந்து காதுக்குப் போகும் டியூபில் ஈரமோ, காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டில் அழுக்கோ, பேட்டரி தீரும் நிலையோ இருக்கலாம். ‘ஊ’, ‘ம்’ போகிறது என்றால் மோல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் ‘கீ’ என்று விசில் அடிப்பதற்கும் பெரும்பாலும் தளர்ந்த மோல்டுதான் காரணம். குழந்தைக்குக் காது வளர்வதால் சின்ன வயதில் சில மாதத்துக்கு ஒருமுறை புது மோல்ட் தேவைப்படும். தனியாரிடம் ஒரு காதுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை ஆகும். மாதச் செலவுக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் 13 என்றால் ஆரஞ்சு ஸ்டிக்கர், 675 என்றால் நீலம். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்த பிறகு போடுங்கள். உரித்த பேட்டரியை உபயோகிக்காமல் வைத்தாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. 675 போடும் இம்பிளாண்ட் என்றால் இம்பிளாண்டுக்கென்றே வரும் 675 வாங்குங்கள். சாதாரண 675 சில கருவிகளில் சீக்கிரமே நின்றுவிடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மெஷினை வையுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதை மெஷின் கழற்றியிருக்கும் நேரத்தில் முடித்து, காதைத் துடைத்த பிறகு மாட்டுங்கள். மைக் துளையில் தேங்காய் எண்ணெய் இறங்கிவிட்டால் மெஷின் ஓடும், சத்தம் மட்டும் மங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் உதவியும் மெஷினைப் பற்றியதே. பேட்டரி தீர்ந்ததும் காதைத் தொட்டு, தலையை ஆட்டி, “கேக்கல” என்று வந்து காட்ட வேண்டும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும், மாற்றுவதற்கு முன் அதே சைகையை நீங்கள் செய்து காட்டுங்கள். இரண்டு வயதுக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும்.

2. இப்போது எப்படிக் கேட்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

நோட்டில் மூன்று பத்தி போதும்: என்ன வேண்டியிருந்தது, யாரிடம் போனது, எப்படிக் காட்டியது. ஒரு வாரத்தில் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். கீழ்ப்படியில் அழுகை, பொருளை வீசுவது. அடுத்தது நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பது. அதற்கு மேல், பொருளை நம் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பது. பிறகு சைகையோ ஒலியோ, அப்புறம் சொல், கடைசியாகக் காரணத்தோடு வாக்கியம்: “மூடி டைட்டா இருக்கு, திறந்து குடு.”

ஒரு சமயத்தில் ஒரு படிதான் ஏற்ற வேண்டும். கையை இழுக்கும் குழந்தையிடம் “வாயைத் திறந்து சொன்னாத்தான் தருவேன்” என்று பிடிவாதம் பிடிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கேட்பது என்றாலே அவமானம் என்றுதான் குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு வயதில்தான் இம்பிளாண்டை ஆன் செய்தார்கள் என்றால் அதன் கேட்கும் வயது ஒன்று. பக்கத்து வீட்டு மூன்று வயதோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. காது கேட்காத குழந்தையும் விரல் நீட்டிக் காட்டும், கண்ணைப் பார்க்கும், பொம்மையைக் கொண்டுவந்து காட்டிச் சிரிக்கும். ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டாமல், முகத்தையே பார்க்காமல், உங்கள் கையை ஒரு கருவிபோல மட்டும் இழுக்கிறது என்றால் ‘காதுதான் காரணம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள்.

3. முந்திக்கொண்டு செய்வதை நிறுத்துங்கள்

இது பெரியவர்களுக்கான பகுதி, அதனாலேயே கஷ்டமானது. குழந்தைக்குக் கேட்காது என்ற பரிவில் பாட்டி செருப்பை மாட்டிவிடுவார், அக்கா பென்சில் சீவிவிடுவாள், தட்டு காலியாகும் முன்பே தோசை விழும். கேட்க வேண்டிய தேவையே அந்தக் குழந்தைக்கு வருவதில்லை.

ஒரு நாளில் நாலைந்து இடத்தில் மட்டும் தேவையை உண்டாக்குங்கள். எவர்சில்வர் சம்படத்தில் முறுக்கைப் போட்டு, மூடியை இறுக அழுத்திக் கொடுங்கள். நீங்கள் எதிரில் தரையில் உட்காருங்கள், முகம் அதன் கண் உயரத்தில் இருக்கட்டும், இரண்டு கையும் மடியில். குழந்தை மூடியை நெம்பும், திருப்பும், தரையில் தட்டும். பிறகு ஒரு கணம் சம்படத்தைப் பார்த்து, உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடி சம்படத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையே கேள்வி. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.

பார்த்ததும் பாயாதீர்கள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். சத்தம் காதில் விழுந்து, புரிந்து, பதில் தயாராவதற்கு இந்தக் குழந்தைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். பத்து ஆனதும் ஒன்றும் வரவில்லை என்றால் நீங்களே குழந்தையின் குரலில் சொல்லுங்கள்: “திறந்து குடு.” மறுபடி ஐந்து எண்ணுங்கள். “தி… து” என்று வந்தாலும், கையை நீட்டினாலும் உடனே திறந்து கொடுங்கள். மூன்றாவது தடவையாக நீட்டி இழுக்காதீர்கள். முறுக்கு மேல் இருந்த ஆசை கோபமாகிவிடும்.

இன்னும் சில இடங்கள்: பெயின்ட் மட்டும் கொடுத்து பிரஷ்ஷை உங்கள் பக்கத்தில் வைத்திருப்பது, சட்டையின் முதல் பொத்தானை மட்டும் விட்டுவிடுவது, பிடித்த பொம்மையைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத அலமாரியில் வைப்பது. ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: பசி, கழிப்பறை, வலி. அவற்றுக்குக் குழந்தை எப்படிக் காட்டினாலும் அந்த நொடியே உதவி.

ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாக நடந்தால் இது நிற்காது. தாத்தாவிடம் அழுதால் போதும் என்று தெரிந்தால் குழந்தை அம்மாவிடம் ஏன் சொல்லப்போகிறது? எந்த நாலு சந்தர்ப்பம், எந்த வாக்கியம் என்று தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள்.

4. “ஹெல்ப் மீ” வேண்டாம், வேலை செய்யும் வாக்கியம் கொடுங்கள்

“உதவி”, “ஹெல்ப்” என்று ஒற்றைச் சொல்லைப் பழக்கினால் குழந்தை எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிக்கொண்டு நிற்கும். எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கிற மாதிரியே கொடுங்கள்: திறந்து குடு, எடுத்துக் குடு, போட்டு விடு, கட்டி விடு. ஒரே அச்சில் முன்சொல் மட்டும் மாறுவதால் இரண்டு மூன்று வந்ததும் மற்றவை தானாக வரத் தொடங்கும். கூடவே காரணம் சொல்லும் மூன்று சொல்: எட்டல, வரல, கேக்கல.

பள்ளிக்கு அனுப்பும் முன் இன்னொன்று. வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘ங்க’ பேச்சில் மெதுவாகத்தான் விழும். மெஷின் வழியாகக் கேட்கும் குழந்தைக்கு அது பெரும்பாலும் போய்ச் சேராது. அதனால் டீச்சரிடமே “திரும்பச் சொல்லு”, “குடு” என்று கேட்டு, மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கும். ஆசிரியரிடம் சொல்வதை முழுத் துண்டாகவே பழக்குங்கள்: “மிஸ், திறந்து குடுங்க”, “மிஸ், திரும்பச் சொல்லுங்க.” ‘ங்க’வைச் சற்று நீட்டி, அழுத்திச் சொல்லிக் காட்டுங்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு அச்சு: “டேய், இங்க பாரு”, “எனக்கும் குடு.” மிஸ்ஸிடம் பேசுவதுபோல் நண்பனிடம் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

5. ஆளைக் கூப்பிடவும், பதிலுக்குக் காத்திருக்கவும்

அம்மா அடுப்படியில், முதுகு காட்டி, மிக்ஸி ஓடுகிறது. குழந்தை வாசலில் நின்று “ம்மா” என்கிறது. அம்மா திரும்பாமலே “இதோ வரேன்டா” என்கிறார். குழந்தைக்கு அது கேட்கவில்லை. அதைப் பொறுத்தவரை கூப்பிட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இது தினம் நாலு முறை நடந்தால் கூப்பிடுவது நின்றுவிடும்.

குழந்தைக்கு வரிசை இது: பக்கத்தில் போ, தோளிலோ முழங்கைக்கு மேலோ இரண்டு முறை தட்டு, முகம் திரும்பும் வரை நில், பிறகு சொல். சேலையை இழுப்பது, முகத்தைப் பிடித்துத் திருப்புவது இரண்டையும் மெதுவாகக் கையை எடுத்துத் தோளில் வைத்துத் திருத்துங்கள். உங்களுக்கு ஒரே விதி: வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்த்து, உள்ளங்கையைக் காட்டி ‘இரு’ என்று சைகை செய்யுங்கள். காட்டிவிட்டால் கட்டாயம் போங்கள்.

6. “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்

இந்தக் குழந்தைகள் பலருக்கும் வரும் பழக்கம் தலையாட்டல். புரியாவிட்டாலும் சிரித்துத் தலையாட்டினால் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள் என்று மூன்று வயதிலேயே தெரிந்துவிடுகிறது. “இப்ப என்ன செய்யப் போற?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் புரியவில்லை என்று அர்த்தம்.

புரியவில்லை என்று சொல்லவும் பயிற்சி வேண்டும். விளையாட்டாக வாய்க்குள் முணுமுணுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுங்கள், “பாலை எடுத்துத் தொப்பியில ஊத்து” என்று அபத்தமாகச் சொல்லுங்கள். குழந்தை விழிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் அக்கா “என்ன? திரும்பச் சொல்லு” என்று கேட்டுக் காட்டட்டும். இது பழகிய பின் அடுத்த அடுக்கு: “மெதுவா சொல்லு”, “என்னைப் பாத்துச் சொல்லு”, “பாலா, பழமா?” கடைசியது எல்லாவற்றிலும் உயர்ந்தது. பாதி கேட்டிருக்கிறது, மீதியைக் கேட்டு வாங்குகிறது.

குழந்தை அப்படிக் கேட்டதும் அதே வாக்கியத்தைச் சத்தமாகக் கத்தாதீர்கள். கத்தினால் உதடு கோணும். மெஷினும் பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். இரண்டாம் தடவை சொல்லை மாற்றுங்கள், சுருக்குங்கள், பொருளைக் காட்டுங்கள். ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ‘க’ தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரியவே தெரியாது. ஆக உதட்டை மட்டும் நம்பச் சொல்லவும் முடியாது. “ஒண்ணும் இல்ல, விடு” என்ற பதில் மட்டும் எப்போதும் வேண்டாம்.

குழந்தை பேசுவது உங்களுக்குப் புரியாதபோது நீங்களும் தலையாட்டி நடிக்காதீர்கள். “எனக்குக் கேக்கல, திரும்பச் சொல்லு, கையால காட்டு” என்று கேளுங்கள்.

7. மெஷின் கழற்றிய நேரம்

குளியல், தூக்கம், நீச்சல், பேட்டரி இல்லாத பயணம். இந்த நேரங்களுக்காகத் தண்ணீர், கழிப்பறை, வலி, பயம், வேண்டாம், மெஷின் போடு என்ற ஆறுக்கும் சைகை இருக்க வேண்டும். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது. யூடியூபில் இலவசம். சைகை காட்டினால் பேச்சு வராது என்று இன்னும் சில இடங்களில் பயமுறுத்துகிறார்கள். மெஷின் இல்லாத நேரத்தில் குழந்தை ஊமையாக இருக்கட்டும் என்று சொல்வதாகவே அது முடிகிறது, காதில் வாங்காதீர்கள்.

தேர், திருவிழா, பேருந்து நிலையம் போகும்போது பைக்குள் ஓர் அட்டை: பெயர், ‘எனக்குக் காது சரியாகக் கேட்காது, என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்’, இரண்டு தொலைபேசி எண். அட்டையை எடுத்து நீட்டுவதை வீட்டில் விளையாடிப் பழக்குங்கள். யாரிடம் நீட்டுவது என்பதையும் சேர்த்து: போலீஸ்காரர், டிக்கெட் கவுன்டரில் இருப்பவர், குழந்தையோடு வந்திருக்கும் அம்மா.

பேட்டரி விழுங்கிவிட்டாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்து வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பேட்டரி மூடிக்குப் பூட்டு உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

8. பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம்

எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமின் நகலை மட்டும் கொடுத்தால் ஆசிரியர் அதைக் கோப்பில் வைத்துவிடுவார். அதோடு ஒரு பக்கத்தில், இப்படி எழுதிக் கொடுங்கள்:

“மிஸ், இவனுக்கு வலது காது கொஞ்சம் நல்லாக் கேட்கும். ஒரு மீட்டருக்குள் கேட்கும், மூன்று மீட்டரில் பாதிதான். முன்வரிசையில், ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் தள்ளி, வலது காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். போர்டைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம். காதைத் தொட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்று பேட்டரி பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. கையைத் தூக்கி ‘திரும்பச் சொல்லுங்க’ என்றால் வேறு சொல்லில் ஒருமுறை சொல்லுங்கள்.”

தூரத்தைக் கணிப்பாக எழுதாதீர்கள். முதல் பகுதியில் சொன்ன ஆறு ஒலியை ஒன்று, இரண்டு, மூன்று மீட்டரில் சோதித்த பிறகு எழுதுங்கள். பள்ளி திறந்த முதல் வாரம் கொடுத்து, இரண்டாவது வாரம் நேரில் போய்க் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை வகுப்புக்கு வரச் சொல்லலாம். கட்டணம் இல்லை.

வகுப்பில் துணைக்கு ஒரு தோழனை நியமிக்கும்போது கவனம். ‘இவனுக்கு எல்லாம் நீ பாத்துக்கோ’ என்றால் மூன்றாம் பகுதியில் பாட்டி செய்ததைத்தான் அவனும் செய்வான். பக்க எண்ணைக் காட்டுவது, மிஸ் கூப்பிட்டால் தோளைத் தட்டுவது, இந்த இரண்டு மட்டும்.

9. காகிதம், காசு, காலம்

சின்னக் குழந்தைக்கு, சத்தத்துக்குக் காது நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று அளக்கும் பெரா (BERA) பரிசோதனை அறிக்கைதான் அடிப்படை. தூக்கத்தில் எடுப்பது, ஆகவே முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வைத்து அழைத்துப் போங்கள். தூங்காமல் திரும்பி வந்து மறுதேதி வாங்கும் குடும்பங்கள் ஏராளம். அறிக்கையை ஐந்து நகல் எடுத்து வையுங்கள். மூல அறிக்கையை எங்கும் ஒப்படைக்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.க்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. குழந்தையின் ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, பெரா அறிக்கை வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை முகாமில் மதிப்பீடு. சின்ன வயதில் தற்காலிகச் சான்றாகத் தரலாம். முடிவுத் தேதியைப் பார்த்து அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

காது மெஷின் வாங்க, மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிப் (ADIP) திட்டம் உண்டு. மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழு உதவி, 30,000 வரை பாதி. பெரியவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வருடம் ஆனாலே மறுபடி கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, மையத்திலும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் வரும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ரேஷன் அட்டையில் குழந்தையின் பெயர் சேர்க்காமல் இருப்பதால்தான் நிறைய விண்ணப்பங்கள் நிற்கின்றன. பிறந்த சான்று கையில் வந்த மாதமே சேர்த்துவிடுங்கள். முன்னதாகச் சில மாதம் காது மெஷின் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் நடக்கும். ஆக நாலு வயதில் தொடங்கினால் நெருக்கடி. பெரா முடிவு வந்த வாரமே தொடங்குங்கள். அறுவைக்குப் பின் சுமார் மூன்று நான்கு வாரத்தில் கருவியை ஆன் செய்வார்கள்.

கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எத்தனை தெரபி அமர்வு, எங்கே, எந்தப் பாகத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம். இம்பிளாண்டின் கேபிள், தலையில் ஒட்டும் வட்டமான காயில் இரண்டும் குழந்தை இழுப்பதால் அடிக்கடி போகிறவை. கைக்காசில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகும். உத்தரவாதம் முடியும் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டி, அதற்கு இரண்டு மாதம் முன் கருவி முழுவதையும் சோதனைக்குக் கொடுங்கள்.